தவறாமல் கொடுத்த மாத்திரை

அந்த ஆண்டு ஆவணியும் புரட்டாசியும் செம்மொழிக்குப் பேருந்திலேயே கழிந்தன. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதய வார்டில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தவள் அவள். இப்போது படிப்பு விடுப்பில் இருந்தாள். முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். இதயக் கோளாறு, சர்க்கரை, சிறுநீரகம் என்று நீண்டகால நோயோடு வாழ்கிற வயதானவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனபிறகு மாத்திரைகளைச் சரியாகச் சாப்பிடுகிறார்களா என்பதுதான் அது.

வார்டில் இருந்தபோதே அவளை உறுத்திய கேள்வி. நன்றாகத் தேறி, கைகூப்பி விடைபெற்றுப் போகிற பெரியவர்கள் இருபதே நாளில் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். வீட்டில் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று வார்டில் எல்லாரும் சொல்வார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள்.

இதற்காகவே மூன்று வருடத்துக்கு முன் அவள் ஒரு தாளைத் தயாரித்திருந்தாள். டாக்டர் தரும் டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் பார்த்து நர்ஸ் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். இடது பக்கம் மாத்திரையின் பெயர், அது எதற்கு என்ற விவரம். வலது பக்கம் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். எந்த வேளைக்கு உண்டோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக். கீழே எழுதியவர் கையெழுத்து. எல்லாருக்கும் அது பிடித்துப்போய், அந்த வருடம் நர்ஸ் தினத்தில் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

ஆய்வுக்கும் அந்தத் தாள்தான் அளவுகோல். வீடு திரும்பிய பத்தாம் நாள், முப்பதாம் நாள், தொண்ணூறாம் நாள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று முறை போவாள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வேளைக்கு எந்த மாத்திரை என்று கேட்டு, அட்டையில் மிச்சமிருப்பதை எண்ணிக் குறித்துக்கொள்வாள். அதுவரை நாற்பத்தொரு வீடு பார்த்திருந்தாள். பத்தொன்பது வீட்டில் தாளில் இருந்தது ஒன்று, நடந்தது வேறொன்று. அவள் எதிர்பார்த்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

ஒத்துப்போன வீடுகளில் முதலிடம் கொடுக்க வேண்டுமென்றால் சாவித்திரி வீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும். திருவிடைமருதூரிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். சாவித்திரியின் கணவர் பஞ்சநதத்துக்கு எழுபத்து நான்கு வயது. பதினைந்து வருடச் சர்க்கரை, அதற்கு மேல் இதயம் பலவீனம். நாலு மா சொந்த நிலமும் ஏழு மா குத்தகையும் வைத்து, உடம்புக்கு வரும்வரை தானே இறங்கி விவசாயம் பார்த்தவர். மகன் சூர்யபிரகாஷ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

பத்தாம் நாள் செம்மொழி போனபோது சாவித்திரி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். மூன்று வேளைக்கு மூன்று கிண்ணம். செல்போனில் மூன்று அலாரம். ஒரு மாத்திரைகூடக் கூடவில்லை, குறையவில்லை. செம்மொழி மனம்விட்டுப் பாராட்டிவிட்டு, நோட்டில் முழு மதிப்பெண் போட்டுக்கொண்டு வந்தாள்.

முப்பதாம் நாள் அவள் உள்ளே நுழைந்தபோது பஞ்சநதம் கூடத்துக் கட்டிலில் படுத்திருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. பத்து நாளைக்குள் இரண்டு தடவை விழுந்துவிட்டார் என்று சாவித்திரி சொன்னாள். இரண்டும் விடியற்காலையில், ஒன்றுக்குப் போக எழுந்தபோது. இரண்டாவது தடவை குளியலறைக் கதவு நிலையில் மோதி மூன்று தையல். தையல் போட்ட உள்ளூர் டாக்டர், வயசானால் அப்படித்தான், கைப்பிடித்துக் கூட்டிப்போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதிலிருந்து பஞ்சநதம் வயல் பக்கமே போகவில்லை. அடுத்த வாரம் சம்பா நடவு. வங்காளத்திலிருந்து வந்திருந்த நடவு ஆட்களிடம் பேசி நாள் குறித்தாகிவிட்டது. வரப்பில் போய் நிற்க முடியாதே என்பது அவருக்குத் தையலைவிடப் பெரிய வலியாக இருந்தது.

சாவித்திரியும் இளைத்திருந்தாள். அவள் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்திருந்தாள். முதலில் ஊறுகாய், பிறகு அப்பளம், கடைசியில் உப்பையே அடியோடு நிறுத்திவிட்டாள். அவர் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை.

"நான் எங்கயோ தப்பு பண்றேன் சிஸ்டர்," என்றாள். "எதுன்னுதான் புடிபட மாட்டேங்குது."

செம்மொழி பஞ்சநதத்தைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று இருபது. மெல்ல எழுப்பி நிற்க வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றுக்கு இறங்கியது, அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துச் சர்க்கரை பார்த்தால் இருநூற்று எண்பது. மாத்திரைகளை எண்ணினாள். தாளில் உள்ளபடி ஒன்றுகூடப் பிசகவில்லை. எல்லாம் சரியாக இருக்கும்போது இந்த எண்கள் எப்படி வந்தன என்று அவளுக்குப் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதம் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னாள். சாவித்திரி பீரோவிலிருந்து ஒரு ஃபைலைக் கொண்டுவந்தாள். ஸ்கேன், ரசீது, அதற்கெல்லாம் கீழே ஆங்கில சம்மரி. செம்மொழி அதைத் தமிழ்த் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, வரிவரியாக விரல் ஓட்டினாள். முதல் இரண்டு மாத்திரை சரி. மூன்றாவது, உடம்பில் தேங்கும் நீரை இறக்கும் மாத்திரை. டாக்டர் காலை மட்டும் என்று எழுதியிருந்தார். தமிழ்த் தாளில் காலையிலும் இரவிலும் டிக் இருந்தது. நான்காவது சர்க்கரை மாத்திரை. டாக்டர் எழுதியது காலையும் இரவும். தாளில் காலை மட்டும். சர்க்கரை மாத்திரைக்குப் போட வேண்டிய இரவு டிக், ஒரு வரி மேலே விழுந்திருந்தது.

முப்பது நாளாக அவர் ராத்திரி நீர் மாத்திரையைச் சாப்பிட்டிருக்கிறார். உடம்பு வற்றி, எழுந்து நின்றதும் தலை சுற்றி விழுந்திருக்கிறார். சர்க்கரை மாத்திரை பாதிதான் உள்ளே போயிருக்கிறது. சாவித்திரி ஒரு நாளும் தவறாமல் கொடுத்ததால்தான் இத்தனையும் நடந்திருக்கிறது.

தாளின் கீழே இருந்த கையெழுத்து அவளுடையது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி இருந்தாள். விடுப்பில் இருந்தவளை ஆவணி முதல் வாரத்தில் ஒரே ஒரு நாள் வார்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு நர்ஸுகளுக்குக் காய்ச்சல், ஆள் இல்லை. அன்று ஐந்து டிஸ்சார்ஜ். பஞ்சநதத்தின் முகத்தை அன்று பார்த்த ஞாபகம் வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை. பத்தாம் நாள் இதே கட்டிலில் உட்கார்ந்து இதே தாளைப் பார்த்திருக்கிறாள்; அப்போதும் தெரியவில்லை. மாத்திரையைத் தாளோடுதான் ஒப்பிட்டாள். தாளை எதனோடும் ஒப்பிடவில்லை. தாள் தப்பாக இருக்கலாம் என்பதற்கு அவளுடைய ஆய்வில் ஒரு கட்டம்கூட இல்லை.

வாசலுக்குப் போய் வார்டு டாக்டர் மதிவாணனுக்கு போன் செய்தாள். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். இன்று இரவு நீர் மாத்திரை வேண்டாம், சர்க்கரை மாத்திரையைக் கொடுக்கச் சொல்லுங்கள், நாளைக் காலை அழைத்து வாருங்கள், ரத்தத்தில் உப்புச் சத்துகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவிடலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டோஸ் மாத்தியிருக்கோம்னு மட்டும் சொல்லிடுங்க செம்மொழி. அவங்கள எதுக்குப் பயமுறுத்தணும்?" என்றார்.

அவள் உள்ளே வந்து அப்படியே சொன்னாள். டாக்டர் டோஸ் மாற்றச் சொல்லியிருக்கிறார் என்றாள். சொல்வது சுலபமாகவே இருந்தது. சாவித்திரி உடனே பேனா எடுத்துத் திருத்தி எழுதிக்கொண்டாள். ஆட்டோ வரை கூடவே வந்தவள், ஏறப்போகும் சமயத்தில் கேட்டாள்:

"உப்ப நான் முன்னாடியே நிறுத்தியிருந்தா அவங்க விழுந்திருக்க மாட்டாங்க, இல்ல சிஸ்டர்?"

அப்படியெல்லாம் இல்லை அம்மா என்று முணுமுணுத்துவிட்டுச் செம்மொழி ஏறி உட்கார்ந்தாள்.

கும்பகோணத்தில் பேருந்து மாறி, ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாபநாசம் வரை இரு பக்கமும் உழுது பரம்படித்த வயல்கள் தண்ணீரோடு கிடந்தன. நல்ல காற்று. ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. டோஸ் மாறியது என்ற ஒரு சொல்லால் தன் கையெழுத்து மறைந்துவிட்டது; பழி மட்டும் சாவித்திரியின் சமையலறையிலேயே தங்கிவிட்டது. நாற்பது வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டவள், இனி மிச்ச நாளெல்லாம் தன் கைதான் அவரை விழ வைத்தது என்று நினைத்துக்கொண்டு சமைப்பாள். பள்ளியக்ரஹாரம் பாலம் வருவதற்குள் செம்மொழி முடிவு செய்துவிட்டாள். யாரிடமும் அதைப் பற்றி யோசனை கேட்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் வாடகைக் காரில் வந்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது; ஆபத்தான அளவுக்கு இல்லை. மதிவாணன் மருந்து எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு செம்மொழி அவர்களை வார்டை ஒட்டிய சின்ன அறைக்கு அழைத்துப்போய், நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"நேத்து நான் உங்ககிட்ட உண்மைய சொல்லலை," என்று ஆரம்பித்தாள். "டாக்டர் டோஸ மாத்தல. அவர் மொதல்லேர்ந்தே சரியாத்தான் எழுதியிருக்கார். தமிழ்ல எழுதிக் குடுத்தது நான். டிக்க ஒரு வரி மாத்திப் போட்டுட்டேன். ஐயா விழுந்ததுக்கு அதுதான் காரணம். மன்னிச்சிடுங்க."

எந்த டிக் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று காட்டினாள். பஞ்சநதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். சாவித்திரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் தப்பா குடுக்கல," என்றாள்.

"இல்லம்மா. நீங்க ஒரு நாள்கூடத் தப்பா குடுக்கல."

சாவித்திரியின் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அதன்பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தாமல், "நேத்தே சொல்லியிருக்கலாம். ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள். செம்மொழி ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தாள்.

பஞ்சநதம் கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"இந்த மாதிரித் தாளு இன்னும் எத்தன பேர் வீட்ல மாட்டியிருக்கு?" என்று கேட்டார்.

"தெரியலங்கய்யா."

"பாத்துடுங்கம்மா."

அன்று மாலை சூர்யபிரகாஷ் சிங்கப்பூரிலிருந்து செம்மொழியிடம் பேசினான். மரியாதை குறையாமல்தான் பேசினான், ஆனால் ஒவ்வொரு சொல்லும் சூடாக இருந்தது. நடந்ததை எழுத்தில் கேட்டான். செவிலியர் கண்காணிப்பாளருக்கு அதில் விருப்பமில்லை. எழுதிக் கொடுத்தால் அது எங்கெங்கே போகுமோ என்றார். செம்மொழி தன் பெயரில் ஒரு பக்கம் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு நகலை மருத்துவமனைக்கும் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவளுக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் எழுதியதையே மறுபடி எழுதிக் கொடுத்தாள். விஷயம் அதோடு நின்றது. ஆனால் சாப்பாட்டு அறையில் அவள் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்பது பல நாள் தொடர்ந்தது.

பஞ்சநதத்தின் கேள்விக்குப் பதில் தேட நான்கு நாள் ஆயிற்று. ஆவண அறையில் உட்கார்ந்து நாற்பத்தொரு பேரின் சம்மரியையும் தாளையும் ஒப்பிட்டாள். பிழையுள்ள தாள்கள் ஏழு. அவற்றில் இரண்டு அவள் கையெழுத்து. பஞ்சநதம் நீங்கலாக மற்ற ஆறு வீட்டுக்கும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அன்றன்றே போன் செய்து திருத்தச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய் என்ன நடந்தது என்று சொன்னாள். சிலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள்.

கடைசியாகப் போனது திருவாரூரில் லியாகத் அலியின் வீடு. ஜவுளிக்கடை வைத்திருந்தவர், சிறுநீரகம் பழுதாகி இப்போது வீட்டோடு இருந்தார். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை காலையில் ஒன்றுதான். தாளில் இரண்டு வேளைக்கு டிக் இருந்தது. போனில் பேசியபோது அவர் மனைவி நூர்ஜஹான் சரி சரி என்று கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாள். போகும் வழியில் செம்மொழி தன் பழைய நோட்டைப் புரட்டினாள். நூர்ஜஹான் ஒரு வேளைதான் கொடுக்கிறாள், அறிவுரையைப் பின்பற்றவில்லை, மீண்டும் வலியுறுத்தப்பட்டது என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

நூர்ஜஹான் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். செம்மொழி விஷயத்தைச் சொன்னதும் அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"கெளம்பற அன்னிக்கு டாக்டர் ஒரு விரலக் காட்டி, காலைல ஒண்ணு மட்டும்னு சொன்னாரு. நீங்க வந்து தாளக் காட்டி ரெண்டுன்னீங்க. நான் தலையாட்டிட்டு ஒண்ணுதான் குடுத்துக்கிட்டிருந்தேன்," என்றாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க அதக் கேக்கலியே. தாள்ல உள்ளபடி குடுக்கறீங்களான்னுதான கேட்டீங்க."

உள் அறையிலிருந்து லியாகத் அலி சிரிக்கும் சத்தம் கேட்டது. செம்மொழிக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். தாளை நம்பிய சாவித்திரிக்கு முழு மதிப்பெண்ணும், டாக்டர் சொன்னதை நம்பிக் கணவரைக் காப்பாற்றிய நூர்ஜஹானுக்குப் பின்பற்றாதவள் என்ற பெயரும் கொடுத்திருந்தாள். சரியாகச் சாப்பிடாதவர்கள் என்று அவள் ஒதுக்கிய பத்தொன்பது வீடுகளில் இப்படி இன்னும் இரண்டு இருந்தன. மற்ற பதினாறு வீடுகளிலும் ஏன் என்று யாரையும் அவள் கேட்டிருக்கவில்லை.

ஆய்வு வழிகாட்டி பேராசிரியர் குந்தவை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்தத் தரவை வைத்துக்கொண்டு பழைய தலைப்பில் எழுத முடியாது என்றார். மறுபடி ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும், ஒரு வருடம் தள்ளிப்போகும், விடுப்பு முடிந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. வீட்டில் கணவன் பிரபுவிடம் பேச வேண்டியிருந்தது. மகளை யார் பார்த்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் சரி என்றாள். புதிய தலைப்பில் வீட்டாரைப் பற்றிய பேச்சே இல்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன் எங்கெங்கே பிசகுகிறது என்பதுதான் அவளுடைய கேள்வியாக ஆகியிருந்தது.

வார்டிலும் ஒன்று மாறியது. தமிழ்த் தாளை ஒரு நர்ஸ் எழுதினால், இன்னொரு நர்ஸ் சம்மரியைக் கையில் வைத்துக்கொள்ள, வீட்டார் தாளை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். சம்மரி, தாள், படித்தது மூன்றும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக ஆகிறது என்று கண்காணிப்பாளர் கணக்குச் சொன்னார். இதய வார்டில் மட்டும் நடக்கட்டும், பார்க்கலாம் என்றார். மற்ற வார்டுகளில் இன்னும் வரவில்லை.

கார்த்திகையில் தொண்ணூறாம் நாள் வந்தது. செம்மொழி போனபோது வீட்டில் சாவித்திரி மட்டும்தான் இருந்தாள். இரண்டு நாள் அடைமழை விட்டு, அன்றுதான் வெயில் தலைகாட்டியிருந்தது. அவர் எங்கே என்று கேட்டதற்கு, எங்கே போவார் என்பதுபோல் சாவித்திரி தெருவின் கிழக்குப் பக்கம் கையைக் காட்டினாள். குடையை எடுத்துக்கொண்டு அவளும் கூட வந்தாள்.

வாய்க்கால் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பஞ்சநதம் உட்கார்ந்திருந்தார். நடவின் கடைசி நாள் வந்து நின்றாராம். அதிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் இங்கேதான். நோய் எங்கும் போய்விடவில்லை. மாலையானால் கணுக்கால் வீங்குகிறது. வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆனால் விழவில்லை. செம்மொழி கரையிலேயே அவரை உட்கார வைத்தும் நிற்க வைத்தும் அழுத்தம் பார்த்தாள். நிற்கும்போது நூற்றுப் பதினான்கு. சாவித்திரி எட்டிப் பார்த்து, குழம்பில் இப்போது கொஞ்சம் உப்புப் போடுவதாகவும், அவர் தட்டைக் காலி செய்வதாகவும் சொன்னாள். சூர்யபிரகாஷ் வாரம் ஒரு தடவை மாத்திரை அட்டைகளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறானாம்.

செம்மொழி நோட்டை எடுத்தாள். புதிய கேள்விகள் அதில் இருந்தன. ஆஸ்பத்திரியில் சொன்னதில் உங்களுக்குச் சந்தேகமாகப் பட்டது எது? அதை யாரிடம் கேட்டீர்கள்? கேட்க முடியாமல் போனது ஏன்? சாவித்திரி வரப்பில் குந்தி உட்கார்ந்து பதில் சொல்லத் தொடங்கினாள். தாளை வாங்கிய அன்றே, ராத்திரியில் நீர் மாத்திரை கொடுத்தால் தூக்கம் கெடாதா என்று தனக்குத் தோன்றியதாகவும், பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததைக் கேள்வி கேட்க வாய் வரவில்லை என்றும் சொன்னாள். செம்மொழி அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.

வயலில் தண்ணீர் அதிகமாக நின்றது. பஞ்சநதம் பேச்சை அவர்களிடம் விட்டுவிட்டு, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். ஒரு நிமிடம் அப்படியே நின்று தலை தெளிந்ததும், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வரப்பில் நடந்துபோய் வடிகால் மடையைத் திறந்துவிட்டார்.